தூரமானிக் கமராவும் மலிவான தொலைவில்லையும்



சந்தையில் ஒரு பொருள் அளவுக்கு மீறி மலிவாகக் கிடைக்குமானால், 'இஃது ஏன் மலிவு?' என்று ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் நம்மவர்கள் மடியை அவிழ்ப்பார்கள். பழைய கமராக்களை வாங்கி விற்போரிடம் போனால், இந்தக் கேள்வியைக் கேட்கத் தூண்டும் பொருள் ஒன்றைக் காணலாம். 1950களிலும் 1960களிலும் தூரமானிக் கமராக்களுக்கென்று செய்யப்பட்ட நீண்ட வில்லைகளே அவை. அதே தொழிற்சாலையில் அதே காலத்திற் செய்யப்பட்ட 35 மில்லிமீற்றர் வில்லைக்கும் 50 மில்லிமீற்றர் வில்லைக்கும் வாங்குவோர் போட்டியிடுகிறார்கள். அருகிலேயே, குரோமிய மெருகும் தோலுறையும் குலையாமற் கிடக்கும் 135 மில்லிமீற்றர் வில்லையை எடுத்துப் பார்ப்பார் இல்லை.

இத்தகைய வில்லையைக் கடைக்காரர் ரெலிபோட்டோ என்பர். தமிழிலே தொலைவில்லை என்று சேர்த்துச் சொன்னால் 'தொலைவு இல்லை' என்றும் காதில் விழுகிறது. தொலைவை இல்லாமற் செய்யும் கருவிக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் வேண்டியதில்லை. கண்டிப்பாகச் சொல்வதாயின், பின்புறத்திற் குழிவில்லைகளை அமைத்து, குழாயின் நீளத்தைக் குவியத் தூரத்திலும் குறுக்கியதே ரெலிபோட்டோ. பழையவற்றுட் பல அவ்வாறானவை அல்ல. நீண்ட குவியத் தூரமுள்ள சாதாரண வில்லைகளே. இப்பேச்சில் இரண்டையும் தொலைவில்லை என்றே வழங்குகிறேன்.

மலிவுக்குக் காரணம் கண்ணாடியின் குறையோ என்று முதலிற் பார்ப்போம். 1950ஆம் ஆண்டில், அமெரிக்காவின் 'லைப்' சஞ்சிகைக்குப் படமெடுத்த டேவிட் டக்ளஸ் டங்கன் தோக்கியோ நகரில் இருந்தார். ஜுன் மிக்கி என்ற யப்பானியப் படப்பிடிப்பாளர், 85 மில்லிமீற்றர் நிக்கோர் வில்லையால் டங்கனைப் படமெடுத்துப் பிரதி செய்து காட்டினார். யப்பானிய வில்லையா என்று முதலில் அலட்சியமாக இருந்த டங்கன், பிரதியின் கூர்மையைக் கண்டதும் அதைச் செய்த தொழிற்சாலைக்கே போய், ஜேர்மன் வில்லைகளுடன் ஒப்பிட்டுப் பார்த்தார். சில நாட்களில் கொரிய யுத்தம் மூண்டது. தம்முடைய லைக்கா கமராக்களில் நிக்கோர் வில்லைகளைப் பொருத்திக்கொண்டு அவர் போர்முனைக்குச் சென்றார். அந்த ஆண்டு டிசம்பரில் 'நியூயோர்க் ரைம்ஸ்' பத்திரிகை இந்த யப்பானிய வில்லைகளைப் பற்றி எழுதியது. யப்பானியக் கமராத் தொழில் உலகின் கண்ணிற்பட்டது ஒரு தொலைவில்லையால் என்று சொன்னால் மிகையாகாது.

சோவியத் நாட்டின் வில்லைகளும் இழிந்தவையல்ல. சைஸ் நிறுவனத்தில் லூட்விக் பெர்ட்டெலே என்பவர் 1930களில் வகுத்த சொனார் அமைப்பையே, யுத்தத்தின் பின் சோவியத் தொழிற்சாலைகள் யுப்பிற்றர் என்ற பெயரிற் செய்தன. யுப்பிற்றர் 9 என்பது 85 மில்லிமீற்றர், துவார எண் 2. யுப்பிற்றர் 11 என்பது 135 மில்லிமீற்றர், துவார எண் 4. கனொன் நிறுவனத்தின் 135 மில்லிமீற்றர் வில்லை, துவார எண் 3.5 உடையது, கெட்டியான நல்ல வேலை. லைற்ஸ் நிறுவனத்தின் ஹெக்ரர் என்ற 135 மில்லிமீற்றர் வில்லை 1933ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. எல்லாவற்றையும் துவார எண் 8க்கு ஒடுக்கிப் படமெடுத்து, பிரதிகளைக் கலந்து மேசைமேல் வைத்தால், எது எந்த நாட்டுக் கண்ணாடி என்று சொல்வது கைதேர்ந்தவருக்கும் கடினம்.

ஆகவே கண்ணாடியிலே குற்றமில்லை. காலம் மாறியது ஒரு காரணம். 1959ஆம் ஆண்டில் நிக்கொன் எப் வெளிவந்தது; உள்ளே ஆடி வைத்து, வில்லையின் ஊடாகவே காட்சியைக் காட்டும் கமராக்கள் அதன்பின் சந்தையைப் பிடித்துக்கொண்டன. நீண்ட வில்லையால் என்ன தெரிகிறது என்பதை அவை நேராகவே காட்டிவிடும். தூரமானிக் கமரா காட்டாது. மலிவுக்குரிய மெய்யான காரணம் இங்கேதான் இருக்கிறது. இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்.

உங்கள் சுட்டுவிரலைக் கையெட்டும் தூரத்தில் பிடித்து, அதை உற்றுப் பார்த்தவாறே மூக்கை நோக்கி மெல்லக் கொண்டுவாருங்கள். விரல் கிட்ட வர வர, இரு கண்களும் ஒன்றையொன்று நோக்கித் திரும்புவதை உணர்வீர்கள். ரேஞ்ச்பைண்டர் என்னும் தூரமானியும் இதையே செய்கிறது. கமராவின் முகத்தில் இரண்டு சிறு சாளரங்கள் உண்டு. இரண்டின் விம்பங்களும் பார்வைத்துளையில் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். வில்லையைத் திருகும்போது ஒரு விம்பம் நகரும். இரண்டும் ஒன்றாகும் இடத்தில் தூரம் அளந்தாயிற்று. சாளரங்களுக்கிடையே இடைவெளி கூடக் கூட அளவு நுட்பமாகும். பழைய திருகுவாய் லைக்காவில் அது 4 சென்ரிமீற்றருக்கும் சற்றுக் குறைவு. 1954இல் வந்த லைக்கா எம் 3இல் ஏறத்தாழ 7. கொன்ராக்சிலும், அதன் வழிவந்த கியெவ் கமராவிலும் ஏறத்தாழ 9.

இனி, வில்லை எங்கே நிற்கிறது என்பது தூரமானிக்கு எவ்வாறு தெரியும்? கமராவின் வாயினுள்ளே ஒரு சிறு உருளை உண்டு. வில்லையின் பின்விளிம்பு அதைத் தள்ளும். அந்த அசைவே ஆடியைத் திருப்பும். இவ்வசைவு 50 மில்லிமீற்றர் வில்லையின் அசைவுக்கு ஏற்ப வகுக்கப்பட்டது. மூன்று மீற்றர் தூரத்துப் பொருளுக்காக 50 மில்லிமீற்றர் வில்லை முன்னே நகர்வது ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. 135 மில்லிமீற்றர் வில்லையோ ஆறரை மில்லிமீற்றரளவு நகரவேண்டும். ஆயினும், உருளைக்கு 50 மில்லிமீற்றர் வில்லையின் சிறிய அசைவையே அது சொல்லவேண்டும். எனவே வில்லையினுள்ளே இரண்டு புரிகளை வைத்து, பெரிய அசைவைச் சிறிய அசைவாக மொழிபெயர்க்கிறார்கள். ஏழு பங்கு ஒரு பங்காகிறது.

மொழிபெயர்ப்பிலே பிழை நேர்ந்தால் என்னாகும்? உருளையில் ஏற்படும் ஒரு பங்குப் பிழை, படச்சுருளின் இடத்தில் ஏழு பங்காகப் பெருகி நிற்கும். துவார எண் 4இல் 135 மில்லிமீற்றர் வில்லை பொறுத்துக்கொள்ளும் பிழையை உருளையின் அளவிற் கணக்கிட்டால், ஒரு மில்லிமீற்றரில் நூறில் இரண்டு பங்குகூட இல்லை. அறுபது ஆண்டு பழமையான கமராவும், வேறொரு நாட்டில், வேறொரு தொழிற்சாலையில் பிறந்த வில்லையும் இந்த நுட்பத்துக்கு ஒத்துப்போக வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். வரன் பார்க்கும்போது இருவருடைய சாதகத்தையும் தனித்தனியே பார்த்து 'நன்று' என்றால் போதாது. பொருத்தம் பார்க்கவேண்டும் அல்லவா? அதே நிலைதான்.

பொருத்தம் பார்க்காமல் நான் பட்டதைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு 85 மில்லிமீற்றர் வில்லை மலிவாகக் கிடைத்தது. கண்ணாடி பளிங்குபோல இருந்தது. மறுவாரமே அதை எடுத்துக்கொண்டு என் பெரியம்மாவைப் பார்க்கப் போனேன். அவருக்கு அப்போது வயது எண்பத்தொன்று. படமெடுக்க எளிதிற் சம்மதிக்காதவர். அன்று என்னவோ மனமிரங்கி, விறாந்தையில் நாற்காலியைப் போடச் சொல்லி, தாயார் கொடுத்த தோட்டையும் அணிந்துகொண்டு அமர்ந்தார். மாலை வெளிச்சம் போதாமையால் துவாரத்தை முழுவதும் திறந்து, ஐந்தடி தூரத்தில் நின்று, கண்ணிமைகளின்மேல் விம்பங்களைக் கவனமாக ஒன்றாக்கி, முப்பத்தாறு படங்களும் தீரும்வரை எடுத்தேன்.

சுருளைக் கழுவிப் பார்த்தபோது, ஒன்றிலேனும் கண்கள் கூர்மையாக இல்லை. சற்றே பக்கம் திரும்பிய அந்த முகத்தில், காதிலிருந்த தோடு மட்டும் கல்லுக்குக் கல் எண்ணக்கூடியதாக விளங்கியது. இன்னொரு நாள் போய் எடுப்போம் என்று இருந்தேன். நான்கு மாதங்களில் பெரியம்மா காலமானார். அவருடைய மகள், எனக்கு அக்கா முறையானவர், அப்படங்களுள் ஒன்றைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டியிருக்கிறார். 'அம்மம்மாவின்ரை தோடு எவ்வளவு வடிவாய் விழுந்திருக்குது' என்று வருவோருக்குக் காட்டுவார். நான் அங்கே போகும்போதெல்லாம் அந்தச் சுவருக்கு முதுகு காட்டியே அமர்கிறேன்.

வில்லை கெட்டதா? இல்லை. கமரா கெட்டதா? அதுவும் இல்லை. லைக்காவின் கணக்கிலே 50 மில்லிமீற்றர் என்று பெயர் பெற்ற வில்லையின் மெய்யான குவியத் தூரம் 51.6 மில்லிமீற்றர். தூரமானி முழுவதும் அவ்வெண்ணை வைத்தே கணிக்கப்பட்டது. கொன்ராக்சின் கணக்கிலே அது 52.4. ஒரு வழியில் வந்த வில்லையை மறுவழியில் வந்த கமராவிற் பூட்டினால், வெகுதூரத்துப் பொருள்களில் வேற்றுமை தெரியாது; கிட்ட வர வரத் தெரியும். கணக்கிட்டால் தூரத்தில் நூற்றுக்கு மூன்று பங்கு வரும். ஐந்தடியில், அதாவது ஒன்றரை மீற்றரில், அது நாலரை சென்ரிமீற்றர். 85 மில்லிமீற்றர் வில்லையில், துவார எண் 2இல், கூர்மையாக விழும் பகுதியின் ஆழம் முழுவதுமே நான்கு சென்ரிமீற்றரளவுதான். கண்ணுக்கும் தோட்டுக்கும் இடையிலிருந்த தூரத்தை இனி நான் விளக்கவேண்டியதில்லை. 50 மில்லிமீற்றர் வில்லையில் இதே முரண்பாடு பெரும்பாலும் எவருக்கும் தெரியாமலே போய்விடும்.

கொன்ராக்சின் வாயும் பழைய நிக்கொன் தூரமானிக் கமராவின் வாயும் பார்வைக்கு ஒன்றே. வில்லை பூட்டிக்கொள்ளும். ஆனால் நிக்கொன் லைக்காவின் எண்ணைப் பின்பற்றியது. ஆதலால் அகன்ற வில்லைகளை மாற்றிப் போடலாம், தொலைவில்லைகளைப் போடலாகாது என்பது பழகியவர்கள் அறிந்த செய்தி. இன்னொரு வேடிக்கையும் உண்டு. சோவியத் நாட்டிலே கார்க்கோவ் நகரில், வீடற்ற சிறுவர்களுக்காக அமைத்த தொழிற்கம்யூன் ஒன்றில், 1934 முதல் லைக்காவைப் பார்த்துப் பெட் என்ற கமராவைச் செய்தார்கள். தொடக்ககாலப் பெட் கமராக்களில் பொது அளவு என்று ஒன்று இருக்கவில்லை. ஒவ்வொரு கமராவையும் அதனதன் வில்லையுடன் சேர்த்தே தனித்தனியாகச் சரிசெய்தார்கள். அக்கமராவிலிருந்து கழற்றிய வில்லை வேறெங்கும் ஒத்துப்போகுமென்று எண்ணுவது வீண்.

ஆகவே வாங்கிய அன்றே, அன்புக்குரிய முகம் எதையும் படமெடுக்க முன்னர், ஒரு சுருளைச் சோதனைக்காகச் செலவிடுங்கள். இக்காலத்திற் படச்சுருளின் விலை சிறிதன்று, ஆயினும் செலவிடுங்கள். கமராவை முக்காலியில் நிறுத்துங்கள். ஒரு செய்தித்தாளை மேசையில் விரித்து, நடுவில் ஒரு வரியின் கீழ் மையாற் கோடிட்டு, கமரா அதைச் சரிவாக நோக்குமாறு வையுங்கள். துவாரத்தை முழுவதும் திறந்து, அக்கோட்டின்மேல் விம்பங்களை ஒன்றாக்கி எடுங்கள். பின்னர் வில்லையைக் கலைத்து, மறுபடியும் புதிதாக ஒன்றாக்கி எடுங்கள். ஒரே தூரத்தில் மூன்று முறை. வில்லை எவ்வளவு கிட்டப் போகுமோ அங்கே ஒரு தடவையும், மூன்று மீற்றரில் ஒரு தடவையும், வெகுதூரத்திலுள்ள கோபுரத்தையோ தென்னையையோ நோக்கி ஒரு தடவையும் இவ்வாறு செய்யவேண்டும்.

சுருளை உருப்பெருக்கிக் கண்ணாடியாற் பாருங்கள். மூன்று படங்களும் மூன்று விதமாகப் பிழைத்திருந்தால் பிழை உங்கள் கண்ணிலோ கையிலோ இருக்கிறது, பழக்கத்தால் மாறும். மூன்றும் ஒரே பக்கமாக, ஒரே அளவு பிழைத்திருந்தால் அது கருவியின் பிழை. ஒரே ஒரு படத்தை எடுத்துப் பார்த்துவிட்டு வில்லையைத் திட்டுவோரும் உண்டு, புகழ்வோரும் உண்டு. இருசாராருக்கும் உண்மை தெரியாது.

கருவியின் பிழை என்று கண்டால், அதையும் பெரும்பாலும் தீர்க்கலாம். பல பழைய தொலைவில்லைகளில் கண்ணாடிப் பகுதி தனியே கழன்று வரும். அஃது உட்காரும் இடத்தில் மெல்லிய உலோக வளையங்கள் இருக்கும். வளையத்தின் தடிப்பைக் கூட்டினால் கண்ணாடி முன்னே நகரும். கூர்மையும் கிட்ட வரும். குறைத்தால் எட்டப் போகும். என் வில்லைக்கு, எழுதும் தாளில் இரண்டு வளையங்களை வெட்டி வைத்தேன். ஒரு மில்லிமீற்றரில் ஆறிலொரு பங்கு தடிப்பு, அவ்வளவுதான். ஐந்தடியில் கண்ணிமை கண்ணிமையாக விழுகிறது. இதற்கு ஒரு விலையும் உண்டு: வெகுதூரத்துக் காட்சி இப்போது சற்றுப் பிழைக்கும். ஆயினும் தூரக் காட்சிகளை நான் துவார எண் 8க்குக் குறைத்தே எடுப்பதால், அந்தப் பிழை ஆழத்தினுள் மறைந்துவிடுகிறது. முகங்களுக்காக வாங்கிய வில்லையை முகங்களுக்கு ஏற்பத் திருத்துவதே முறை என்பது என் அபிப்பிராயம். கழற்றத் துணிவில்லாதவர்கள் திருத்துவோரிடம் கொடுக்கலாம். கொடுக்கும்போது வில்லையுடன் கமராவையும் சேர்த்துக் கொடுக்கவேண்டும்.

எதை வாங்கலாம் என்று கேட்போருக்கு ஒரு வார்த்தை. முதன்முதலில் வாங்குபவர் 135ஐ விட்டு 90ஐ வாங்குவது நல்லது. லைற்சின் 90 மில்லிமீற்றர் எல்மார், துவார எண் 4, 1931 முதல் செய்யப்பட்டது, பார்வைக்கு எளியது, மிகத் திறந்த துவாரம் இல்லாமையே அதற்குப் பாதுகாப்பு. 135தான் வேண்டுமென்பவர், லைக்கா எம் வகைக் கமரா வைத்திருப்பவராயின், 1963இல் வந்த எல்மாரிட் வில்லையைக் கவனிக்கலாம். மூக்குக்கண்ணாடிபோன்ற ஓர் உறுப்பு அதனுடன் இணைந்திருக்கும். பார்வைத்துளையின் காட்சியை அது பெருப்பித்துக் காட்டுவதால் தூரத்தை நுட்பமாக அளக்கலாம். பாரம் மிகுதி, அழகு குறைவு. அதனாலேயே மலிவு.

கையில் எடுத்ததும், பின்னாலிருந்து மின்சூள் வெளிச்சத்தைப் பாய்ச்சி வில்லையினுள்ளே பாருங்கள். மேலே விழுந்த இரண்டொரு கீறல்களால் பெருந்தீங்கு வராது. மூடுபனிபோன்ற மங்கல் இருந்தால் படம் வெளிறும்; அது பெரும்பாலும் உயவெண்ணெய் ஆவியாகிப் படிந்தது, துடைத்தெடுக்கலாம். சிலந்திவலைபோலக் கிளைவிட்டிருந்தால் அது பூஞ்சணம். கண்ணாடியையே அரித்திருக்குமாயின் மருந்தில்லை. நம் நாட்டுக் கரையோரக் காற்றின் ஈரத்தில், குளிர்நாட்டில் ஐம்பது ஆண்டு தூங்கிய பூஞ்சணமும் விழித்துக்கொள்ளும். அழகான பழைய தோலுறையில் வில்லையை வைத்துப் பூட்டுவதைப்போல அதற்கு விருந்து வேறில்லை. காற்றுப் புகாத பெட்டியில், ஈரமுறிஞ்சும் சிலிக்காப் பொட்டலத்துடன் வைப்பதே தகும்.

இவ்வளவு தொல்லை எதற்கு, ஆடிக் கமராவையே வாங்கலாமே என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. வில்லையிலும் தொலைவிலும் மட்டுமே நாட்டமுள்ளவர் அதையே வாங்கட்டும். தூரமானிக் கமராவிலே தொலைவில்லையின் எல்லை, பார்வைத்துளையின் நடுவில் ஒரு சிறு சட்டமாகத் தெரியும். 135 மில்லிமீற்றருக்குரிய சட்டம் சில கமராக்களில் தபால் முத்திரைபோலச் சிறுத்துவிடும். ஆனால் அச்சட்டத்துக்கு வெளியே உலகம் அப்படியே தெரிந்துகொண்டிருக்கிறது. வாசலில் யார் வருகிறார், எந்தக் குழந்தை ஓடிவரப் போகிறது என்பதெல்லாம் முன்னரே தெரியும். படம் விழும் கணத்திலும் காட்சி மறைவதில்லை. முகத்திலே சிரிப்பு இருந்ததா, இமை மூடிற்றா என்பதைக் கண்ணாலேயே காணலாம். ஓசையும் சிறிது. படமெடுக்க எளிதிற் சம்மதிக்காத முதியவர் ஒருவர் முன்னே இது சிறிய சலுகை அன்று.

கைநடுக்கம் நீண்ட வில்லையில் நீண்டே தெரியும். 85க்கும் 90க்கும் நூற்றிருபத்தைந்தில் ஒரு வினாடி, 135க்கு இருநூற்றைம்பதில் ஒரு வினாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய வில்லைகளின் ஒளிப்பூச்சு மெல்லியது. எதிர்வெயிலிற் படம் வெளிறும். முன்னே ஒரு மறைப்புக் குழாய் அவசியம். கறுப்புத் தாளைச் சுருட்டி இறப்பர் வளையம் போட்டாலும் காரியம் ஆகும்.

என்னுடைய வில்லை இன்னும் என்னிடமே இருக்கிறது. அந்தத் தாள் வளையங்கள் இரண்டும் அதனுள்ளேதான் இருக்கின்றன. என்றாவது அதை விற்க நேர்ந்தால், வாங்குபவரிடம் அதைச் சொல்லியே விற்கவேண்டும். அவருடைய கமரா எந்தக் கணக்கில் வந்ததோ, யாருக்குத் தெரியும்.